நான் காலி செய்த அறை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ஓட்டல். எங்கள் அறிவியல் ஆசிரியர் சங்கக் கருத்தரங்கு இங்கேதான் நடக்கிறது. வெளியாள் இருநூறு ரூபாய்க்குத் தங்கும் அறைக்கு எங்களிடம் முன்னூறு கேட்கிறார்கள். நேற்றிலிருந்தே எனக்குக் கோபம். எதிர் லாட்ஜில் நூற்றைம்பதுதான். காலையிலேயே அங்கே மாறிவிட்டேன், சொல்லிச் சொல்லி இன்னும் ஐந்து பேரை இழுத்துக்கொண்டு.

ஆறு சாவிகளையும் கொண்டுவந்து கொடுக்கிறேன். மேனேஜர் அண்ணாச்சி அவற்றைப் பலகையில் மாட்டிவிட்டுத் திரும்புகிறார்.

"கூடுதலா வாங்குத நூறு ரூவா மண்டபத்துக்கு சார். இருபது ரூம் நிறைஞ்சா மண்டபம் சும்மா தாரோம்னு உங்க சங்கத்துகிட்ட பேச்சு. இப்ப ஆறு ரூம் காலி. மண்டப வாடகை கேக்கத்தான செய்வோம்?"

"சங்கம் கொடுக்கட்டுமே."

"சங்கம் யாருகிட்ட வாங்கும்? அங்கன பாருங்க."

வாசல் மேசையருகே எங்கள் செயலாளர் கரும்பலகையில் 'பதிவுக் கட்டணம் ஐம்பது' என்றிருந்ததை அழித்து நூறு என்று எழுதுகிறார். எதிரே மாஞ்சோலை மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த எஸ்டேட் பள்ளி ஆசிரியை. கையில் மடித்த ஐம்பது ரூபாய்த் தாள். கக்கத்தில், பிள்ளைகள் இலைகளைக் காயவைத்து ஒட்டிய பெரிய நோட்டு.

அவரிடம் போகிறேன். "மீதி ஐம்பதை நான் கட்டுகிறேன், டீச்சர்."

"நீங்க எதுக்கு சார் கட்டணும்?"

காரணம் எனக்குத் தெரியும். "இருக்கட்டும் டீச்சர்" என்று பர்ஸை எடுக்கிறேன்.

அவர் தன் ஐம்பது ரூபாய்த் தாளை நோட்டுக்குள் செருகிக்கொள்கிறார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, மலைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.