வத்தல் மூட்டையும் மாணவியர் நலனும்

கல்லூரி விடுதியில் மாணவியர் நலன் பார்ப்பது என்றால், "என்னாச்சு?" என்று கேட்டு "ஒண்ணுமில்ல" என்ற பதிலை நோட்டில் எழுதி வைக்கிற வேலை. முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற ஆள் உங்கள் வீட்டிலும் இருந்தால் நீங்களும் என் கட்சிதான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு இது கிடைத்தது. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று நிறுத்தியவள், படிக்க வந்தவர்கள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

படிவம்

முதல் வாரமே வார்டன் மேடம் ஒரு படிவம் கொடுத்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று பக்கம் முழுக்கக் கேள்வி. இசக்கியம்மாளிடம் கொண்டு போனேன். முதலாம் ஆண்டு, விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம், அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். துணிப்பையைக் கட்டி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த மாசத்தில் அது மூன்றாவது தடவையாம். எல்லாக் கேள்விக்கும் 'நன்று' என்று டிக் அடித்துக் கொடுத்தாள்.

எனக்கு அவளைவிட வயது ஆறு மாசம்தான் கூட. பொறுமையும் கிடையாது. "நல்லா இருக்கிறவ எதுக்கு ஏட்டி பையைக் கட்டுதே?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம எங்க அய்யா கூட்டிட்டுப் போக வாராவ. அதுவரைக்கும் நல்லாத்தான் இருப்பேன்."

வட்டம்

இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டாள் என்று மேடத்துக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, 'மனம் விட்டுப் பேசுவோம்' என்றார். ஒரு பேனா சுற்றி வரும். கையில் வாங்கியவள் பேச வேண்டும். பேனா சுற்றியது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இசக்கி மட்டும் அதைக் கழற்றி, ரீஃபிலை ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டினாள். "இப்ப உன் மனசுல என்னம்மா இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"மை தீந்துபோச்சு மேடம். வேற ஏதாவது வேலை இருந்தா குடுங்க."

வராந்தாவில்

வெளியே அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். வேலையில்லாமல் இருப்பதில் உனக்கு என்ன கஷ்டம்? நானெல்லாம் அதற்காக ஏங்குகிறேன். அவள் கோபமாகச் சொன்னாள்:

"ஊர்ல மிளகாப் பழம் எடுக்கப் போனா, நான் ஒரு வரிசை முடிக்கும்போது எங்க அண்ணன் பாதியில நிப்பான். இங்கன கையை மடியில வச்சுட்டு உக்காந்திருக்கேன். நான் யாருன்னே ஒருத்திக்கும் தெரியல."

மூட்டை

ஞாயிறு காலை மெஸ் அக்காவிடம் கெஞ்சி, காம்பு கிள்ள வேண்டிய மிளகாய் வத்தல் மூட்டையை வராந்தாவில் கவிழ்த்தேன். சும்மா கிடந்தவர்களையெல்லாம் இழுத்து வந்தேன். இசக்கி இரண்டு கையாலும் கிள்ளிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு அந்த வாய்கள் மூடவே இல்லை. கணக்குப் பரீட்சை பயம், அறைத்தோழியின் குறட்டை, அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத துக்கம் என்று, வட்டத்தில் வராததெல்லாம் கொட்டியது.

டவுன் பிள்ளை ஜன்னத் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் கத்தியதும் அவள் முகத்தைத் துடைக்கப் போன இருவர் தங்கள் கண்ணையும் தொட்டார்கள். அப்புறம் நானும் மிச்சமிருந்தவர்களும். சத்தம் கேட்டு ஓடிவந்த மேடம் பார்த்தது, நலன் உதவியாளரான என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் கதறி அழுகிற காட்சி. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினார். கண் காய்ந்திருந்தவள் இசக்கி ஒருத்திதான்.

"வத்தல் கையைக் கண்ணுல வச்சிட்டாளுவ. நின்னு பாக்காம கைக்குத் தேங்காண்ணெய் எடுத்துட்டு வாங்க மேடம்!"

அய்யா

அவளுடைய அப்பா வந்தபோது, அவள் எங்களை வரிசையில் நிறுத்திக் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பையை எடு ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். "இன்னும் பாதி மூட்டை கெடக்குய்யா. இவளுவள நம்பி விட்டா காம்போட அரைச்சிருவாளுவ. நான் பொங்கலுக்கு வாரேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் கிள்ளிய வத்தலை ஒரு கை அள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வீட்லயும் இப்படித்தான் எல்லாரையும் வெரட்டுவா. கொஞ்ச நாளு நீங்களே வச்சுக்கோங்க தாயி."

அழுகிற பிள்ளையைச் சமாளிக்க ஒரு ஆள் போதும், சந்தோஷமாகிவிட்ட பிள்ளைக்கு இரண்டு ஆள் போட்டாலும் காணாது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது.