எமலின் சீலம் எடுத்த பொசன்

இலங்கையில், அலவ்வ ரயில் நிலையத்துக்குப் பின்னால், அரிசி ஆலைக்காரர் சேனாதீரவின் வீட்டில் எமலின் வேலைக்குச் சேர்ந்தது 1984 பெப்ரவரி 6ஆம் தேதி, திங்கட்கிழமை. அன்றிலிருந்து 1997 மே மாத வெசாக் வரை 165 முழுநிலாப் போயாக்கள் வந்துபோயின. அவற்றில் இரண்டில்தான் அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஒன்று அவளுக்கு அம்மை கண்டிருந்தபோது, மற்றது தாய் இறந்தபோது. மீதி 163 போயாக்களிலும் வீட்டு எசமானி சேனாதீர நோனா எட்டுச் சீலம், அதாவது ஒரு பகல் முழுக்க எட்டு விரத ஒழுக்கம், எடுத்தாள்; எமலின் சமைத்தாள்.

நோனா வெள்ளைச் சேலை கட்டி, பாயைச் சுருட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு விகாரையில் இருப்பாள். கூடவே சிநேகிதிகள் ஆறு பேர். ஏழரைக்கு அவர்களுக்கு இலைக்கஞ்சி போக வேண்டும். சீலம் எடுத்தவர்கள் நண்பகல் தாண்டினால் ஒரு பருக்கையும் மெல்லக் கூடாது என்பதால், பதினொன்றுக்குள் சோறும் ஏழு கறியும் போக வேண்டும். மாலை ஐந்துக்குக் கொத்தமல்லித் தண்ணீரும் கருப்பட்டியும். இப்படி ஒரு போயாவுக்கு மூன்று தடவை எமலின் விகாரை வாசலை மிதித்தாள். ஒரு தடவைகூட உள்ளே உட்காரவில்லை. ஏழு பேர் உலகப் பற்றை விடுவதற்கு ஒருத்தி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தேங்காய் துருவ வேண்டியிருந்தது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்த ஏழு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த வெசாக் மாலை, கொத்தமல்லித் தண்ணீரை நீட்டியபடியே எமலின் கேட்டாள்.

"நோனா, வாற மாசப் பொசன் போயாவுக்கு நானும் சீலம் எடுக்கட்டா?"

"சாது, சாது!" என்று நோனா புண்ணியத்தை வாழ்த்துவதுபோலக் கைகூப்பினாள். "இதைக் கேக்க உனக்கு இவ்வளவு வருசமா? பன்சலைக் கதவு எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கு. ஆரும் சதக்காசு கேக்கிறாங்களா?"

விகாரைக் கதவு திறந்துதான் கிடந்தது. எமலினுக்கு எரிச்சல் வந்ததே அதில்தான். பூட்டியிருந்தால் பூட்டைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பொசன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எமலின் இரண்டு மணிக்கே எழுந்து கஞ்சியும் சோறும் ஏழு கறியும் சமைத்து மூடிவைத்தாள். எதை எப்போது கொண்டுவர வேண்டும் என்று டிரைவர் குணபாலவுக்கு மூன்று முறை சொன்னாள். குளித்து, புதிதாகத் தைத்த வெள்ளைப் பாவாடையும் சட்டையும் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கு விகாரையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெரிய பிக்கு சொல்லச் சொல்ல எட்டுச் சீலத்தையும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

மூன்றரை மணி நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு காலை அவள் வாழ்க்கையில் அதற்குமுன் இருந்ததில்லை.

ஒன்பதரைக்கு முதுகில் ஒரு விரல் குத்தியது.

"எமலின்! அப்பளம் பொரிக்கேல்ல, சம்பல் இடிக்கேல்ல எண்டு குணபால சொல்றான். எழும்பு, ஒரு எட்டுப் போயிட்டு வா."

"நோனா, நான் சீலத்தில இருக்கிறன்."

"அது எனக்குத் தெரியாதா? அப்பளம் பொரிச்சா எந்தச் சீலம் உடையுது? எட்டில எது, சொல்லு பாப்பம்."

பக்கத்துப் பாயில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் லீசி இருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஒண்டும் உடையாது நோனா. நீங்களே போய்ப் பொரிக்கலாம்."

முன்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். நோனாவின் முகம் சிவந்தது. நேரே பெரிய பிக்குவிடம் போய் மண்டியிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் பிக்குவிடம் கேட்டுச் சீலத்திலிருந்து விடுபடுவது வழக்கம். உடம்புக்கு முடியாதவர்கள் முன்னமே கேட்பதுண்டு. நோனா எமலினுக்காகக் கேட்டாள்.

"ஹாமுதுருவனே, எங்கட எமலினை இப்பவே விட்டுடுங்கோ. வீட்டில வேலை கிடக்கு."

பெரிய பிக்கு சுவரில் பதித்திருந்த சலவைக்கல்லை ஒருமுறை பார்த்தார். அந்த மண்டபத்தைக் கட்டிக்கொடுத்த நோனாவின் மாமனார் பெயர் அதில் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"எடுத்தவதான் வந்து கேக்கோணும், உபாசிகாவே. உங்கட சீலத்தை விட நீங்க கேக்கலாம். அவவின்ர சீலத்துக்கு நீங்க கேக்கேலாது."

"அவ எங்கட வீட்டு ஆள், ஹாமுதுருவனே!"

"அது வீட்டில. இங்க இல்ல."

நோனா திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். "எமலின், வந்து கேள்."

நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். எமலின் எழுந்தாள். சாப்பாடு, கூரை, மாதச் சம்பளம் மூன்றும் அந்த வீட்டில் இருந்தன. அவளுக்கு வயது ஐம்பத்தாறு. பாய்களுக்கு நடுவே நடந்து போய்ப் பிக்குவின் முன்னால் விழுந்து வணங்கினாள்.

"என்ன வேணும், சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம், ஹாமுதுருவனே. பின்னேரம் ஆறு மணி வரைக்கும் இருப்பன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லீசி, "சாது," என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

பதினொன்றுக்குச் சோறு வந்தது. எந்தச் சட்டியில் எது என்று தெரியாமல் நோனா எல்லா மூடியையும் திறந்து பார்த்து, சிநேகிதிகள் ஆறு பேருக்கும் தானே பரிமாறினாள். பருப்பு சேலையில் கொட்டியது. அவள் தன் தட்டோடு உட்கார்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. ஏழு கறியில் மூன்றுதான் வாயில் பட்டது. எமலின் லீசியின் இலைப்பொதியில் பாதி வாங்கிச் சாப்பிட்டாள். சோறும் பலாக்கொட்டைக் கறியும்.

நோனா அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஜூலைப் போயாவுக்கு யார் சமைப்பது? ஆறரைக்கு எமலின் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது, பருப்புக் காய்ந்து ஒட்டிய சட்டிகள் அத்தனையும் தொட்டியில் கிடந்தன. நோனா சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்பளம் இல்லாமச் சாப்பிடேக்க அவளவையின்ர முகத்தைப் பாத்தனியா? எனக்கு எவ்வளவு வெக்கக்கேடு!"

எமலின் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"பாக்கேல்ல நோனா. கண்ணை மூடியெல்லோ இருந்தனான்."