பையைக் கொட்டுங்க, பார்ப்போம்

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலை கேண்டீனில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் கோகிலா அக்காவின் தம்பி பாலு அண்ணன். மூவார் ஊரில் நாற்காலி, மேசை செய்யும் பட்டறை வைத்திருக்கிறவர். அதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. "தனம், அக்கா போயிருச்சும்மா. காலையில கடைக்குக் கெளம்புனாங்க. சாவியைக் கையில எடுத்தவங்க அப்படியே உக்காந்துட்டாங்க" என்றார். வெங்காயத்தால் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் பின்கதவுப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அக்காவின் முகம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. "பையைக் கொட்டுங்க, பார்ப்போம்" என்கிற குரல்தான் காதில் கேட்டது.

அந்தக் குரலைக் கேட்ட தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்துப் பிழை இருந்தால் நம் பெற்றோர் சங்கத்தில் இருப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அக்காவைப் பற்றிச் சொல்வதில் பிழை வராது.

தம்போயில் டயர் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய பொம்மைக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கடைகளைப் போலத்தான் இருக்கும். வாசலில் வலையில் தொங்கும் பந்துகள், குட்டிச் சைக்கிள்கள், தூசி படிந்த பொம்மைப் பெட்டிகள். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பொம்மை வேண்டும் என்று போனால் அக்கா எதையும் எடுத்துக் காட்ட மாட்டார். "வீட்டுல புள்ள எதை விடாமத் தொடுதோ அதையெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டு வாங்க. பொம்மையா இருக்கணும்னு இல்ல. கரண்டியா இருந்தாலும் சரி, சோப்பு டப்பாவா இருந்தாலும் சரி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பையைக் கண்ணாடி மேசைமேல் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தடவி, தட்டி, உருட்டி, முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கமே திரும்புவார். பாதிப் பேரிடம், "இதுக்கு மேல என்ன வேணும்? உங்க வீட்டுலயே இருக்கு, போங்க" என்று பையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஓர் அப்பா வந்திருந்தார். விளக்கு எரியும், பாட்டுப் பாடும், ஆங்கிலத்தில் எண்ணிக்கை சொல்லும் ஒரு பெரிய பொம்மை அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதுதான் வேண்டும் என்று நின்றார். அக்கா அதைக் கீழே இறக்கவே இல்லை. "சார், இது உங்களுக்குப் புடிச்சிருக்கு. வாங்கிட்டுப் போய் நீங்க விளையாடுங்க, நான் வேணாங்கல. பையனுக்கு வேணும்னா பையோட வாங்க" என்றார். அவர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு பை நிறைய போத்தல் மூடிகளைக் கொண்டுவந்து கொட்டினார். அக்கா ஒரு மூடியைச் சுண்டி விட்டார். அது சுழன்று நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்பப் புரியுதா உங்க மகனுக்கு என்ன வேணும்னு?" என்று கேட்டு, கையால் அழுத்தினால் சுழலும் ஒரு பம்பரத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அந்தப் பெரிய பொம்மை கடைசிவரை விற்கவில்லை.

என் மகள் யாழினியின் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். அவளுக்குப் பேச்சு வராது. சத்தம் கூடினால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். காயம் ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் பல் விழும். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்த புதிதில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனசுள்ள மலாய்க்காரப் பெண். இரத்தம் வரும் அளவுக்குக் கடித்தால் தன்னால் வைத்துப் பார்க்க முடியாது, பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஏதாவது வழி தேடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கட்டும் என்றார். என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். நான் வேலையை விட வேண்டியிருக்கும். அதுகூடப் பெரிதில்லை. யாழினி அழாமல், இழுக்காமல், தன் காலால் தானே நடந்து உள்ளே போன ஒரே இடம் அந்த வகுப்பறைதான். அதையும் அவளிடமிருந்து பறிக்க வேண்டுமா என்பதுதான் என் கவலை.

அந்தக் கவலையோடு பையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். கலர் கட்டைகள், பாடுகிற பொம்மை, ஒரு டார்ச் லைட். எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன். அக்கா டார்ச் லைட்டைக் கையில் எடுத்து, "இதை என்ன செய்யுறா?" என்று கேட்டார். வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அடித்துப் பார்ப்பாள் என்றேன். உடனே ஒரு விளக்கைக் கொடுத்தார். சுற்றும்போது சுவரெல்லாம் நிறம் மாறுகிற விளக்கு. "கண்ணு அதுல போச்சுன்னா வாய் கையை மறந்துரும்" என்றார். அவர் சொன்ன உறுதியில் எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

வீட்டில் அதைப் போட்டதும் யாழினி காதைப் பொத்திக்கொண்டாள். நமக்குக் கேட்காத ஏதோ ஓர் இரைச்சல் அந்த விளக்குக்குள் ஓடியிருக்க வேண்டும். அன்று கடித்த கடி அதுவரை கடிக்காத கடி. போன் போட்டு அக்காவைத் திட்டிவிட்டேன் என்றே சொல்லலாம். மறுநாள் அவர் கடையைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்க எங்கள் பிளாட்டின் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"அந்த விளக்கைக் குடு முதல்ல. தப்பு என்னோடது, தனம். நான் பையைத்தான் பாத்தேன். புள்ளையப் பாக்கல."

இதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். யாழினியைக் கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. அவள் அக்காவைச் சுற்றி ஓடினாள். நான் பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டுவிட்டு மூடியைத் தேடினேன். மூடி இருந்தது, அதன் ரப்பர் வளையம் இல்லை. மேசைக்கு அடியில் யாழினி அதைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டு, தோள் தளர்ந்து, அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், குடுடி இங்க!" என்று நான் குனிந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. இது எப்ப இருந்து?"

"எப்பவுமேதான்க்கா. அலமாரிக்கு மேல ஒளிச்சு வெச்சாலும் எப்படியோ எடுத்துருவா. இவளால எங்க வீட்டு குக்கர் விசில் அடிச்சே ரொம்ப நாளாச்சு. பருப்பு வேகறதுக்குள்ள இவ அப்பா சிங்கப்பூருக்குப் போயிட்டே வந்துருவாரு."

"அப்புறம் ஏன் இதைப் பையில போடல?"

"அது பொம்மை இல்லயேக்கா, குக்கர் ரப்பரு. எச்சில் பட்டது வேற. அதை ஒரு கடையில கொண்டாந்து கொட்டுவாங்களா? எனக்கு வெக்கமா இருக்காதா?"

"அலமாக்!" என்று அக்கா தலையில் கை வைத்துச் சிரித்தார். "புள்ள தெனம் தெனம் பதில் சொல்லிக்கிட்டே இருக்கு. நீ அதைப் புடுங்கிப் புடுங்கி அலமாரிக்கு மேல ஒளிச்சு வெக்கிற லா!"

அப்புறம் விளக்கினார். அவள் தாடை ஓர் அழுத்தத்தைத் தேடுகிறது. அது கிடைக்காதபோது கை அகப்படுகிறது. ஆனால் குக்கர் ரப்பர் கடிக்கச் செய்த பொருள் இல்லை, துண்டு பிய்ந்தால் தொண்டையில் சிக்கும் என்றார். கடிப்பதற்கென்றே செய்த வளையங்கள் கடையில் இருந்தன. மறுநாள் அவற்றை மேசையில் பரப்பி, இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றைக் கழுவித் தன் கடைவாயில் வைத்துக் கடித்தார். "இது ரொம்ப மெத்து, ஒரு வாரத்துல கிழிச்சிருவா. இது கல்லு மாதிரி, பல்லு வலிக்கும்" என்று ஒதுக்கி ஒதுக்கி, மேலே சொரசொரப்பாக இருந்த ஒன்றில் வந்து நின்றார். கடித்துப் பார்த்ததைத் தனியே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புதியதைக் கொடுத்தார். "கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விடாதே. சட்டையில கிளிப்பு போடு. தெனமும் கழுவு, கழுவும்போது கிழிசல் இருக்கான்னு பாரு. இருந்தா தூக்கிப் போடு" என்றார். ஆஸ்பத்திரியில் தெரப்பி கொடுக்கும் மிஸ்ஸிடமும் காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மிஸ் அதைப் பார்த்துச் சரி என்றார். கூடவே, பிள்ளையோடு உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடுங்கள், அந்த அழுத்தமும் உதவும் என்றார். அதை அக்காவிடம் சொன்னதுதான் தாமதம், அது அவர்கள் இரண்டு பேருடைய வணக்கமாகிவிட்டது. யாழினி கடைக்குள் நுழைந்ததும் அக்கா இரண்டு கைகளையும் நீட்டுவார். இவள் முகத்தைப் பார்க்காமல் உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளுவாள். அக்காவும் எதிர்த்துத் தள்ளுவார். கடைசியில், "அம்மாடி, என்னா பலம்! யாராவது புடிங்க!" என்று பந்து வலைமேல் போய் விழுவார். அப்போது யாழினி தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போடுவாள். வேறெங்கும் அந்தச் சத்தம் வந்ததில்லை. வீட்டில் என்னிடம் கைகளை நீட்டியதும் இல்லை. அது அவர்களுக்குள் உள்ளது என்று நானும் விட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது சட்டையில் கிளிப்போடு வளையம் தொங்கியது. ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை. ஆனால் கை வாய்க்குப் போகும் முன் வளையம் போகத் தொடங்கியது. டீச்சர் வீட்டில் இருக்கச் சொல்லவே இல்லை. இன்று அவள் என் தோள்வரை வளர்ந்துவிட்டாள், அதே பள்ளிக்குத்தான் போகிறாள். மணிக்கட்டில் தழும்பு மட்டும் இருக்கிறது.

இந்த யாழினியைத் துக்க வீட்டுக்குக் கூட்டிப் போவதா என்பதுதான் அன்று எங்கள் வீட்டில் பேச்சு. "அங்க தப்பு அடிப்பாங்க, சங்கு ஊதுவாங்க, கூட்டம் வேற. வேணாம் தனம், நான் இவளைப் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பையை எடுத்தேன். வளையம், காது மூடி, அவள் முகத்தில் வைத்துக்கொள்கிற பழைய துண்டு. "மூணு பேரும் போறோம்" என்றேன்.

அக்காவை மூவாருக்கு, பாலு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் அங்கே இறங்கியபோது வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. பாலு அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "கொஞ்சம் நிறுத்துங்கப்பா. அக்கா கடைப் புள்ள வந்திருக்கு." அடித்தவர்கள் நிறுத்தினார்கள். கூட்டமும் ஏனென்று கேட்காமல் வழி விட்டது.

யாழினி நேராக அக்கா கிடந்த பெட்டியிடம் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்றைக்குப் பார்த்தாள்? நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்த அக்காவின் கைகள்மீது உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். மறுபடியும் தள்ளினாள். எதிர்த்தள்ளு வரவில்லை. அவளுடைய மணிக்கட்டு மெல்ல வாய்ப்பக்கம் உயர்வதைப் பார்த்தேன். நான் ஓடிப் போய்த் தடுக்கவில்லை. பாதி வழியில் அந்தக் கை இறங்கி, சட்டையைத் தடவி, வளையத்தை எடுத்துக் கடைவாயில் வைத்தது. அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.

நான் மெதுவாகத் தள்ளினேன். துக்க வீடு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிற கூச்சம். அவள் விடவில்லை. அப்புறம் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பில் உள்ள பலம் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினேன். பின்னாலிருந்த நாற்காலிமேல் போய் விழுந்தேன். கடையில் மட்டுமே கேட்ட அந்தச் சத்தம் அங்கே கேட்டது. பாலு அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கருமக்கிரியை முடிந்ததும் அவர் கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது திறந்து வைக்கச் சொன்னார். "எனக்கு வியாபாரம் தெரியாதுண்ணே" என்றேன். "அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சுதா? வந்தவங்கள்ல பாதிப் பேரை வெறுங்கையோட அனுப்புனவங்கதானே" என்றார். அழுகையின் நடுவே இருவரும் சிரித்துவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் வந்தார். சின்ன வயசு. பையைக் கொட்டச் சொன்னேன். கலர் கட்டை, பொம்மைக் கார், படப் புத்தகம். எல்லாம் பளபளவென்று துடைத்தவை. அந்தத் துடைப்பு எனக்குத் தெரிந்த துடைப்பு.

"இதெல்லாம் இருக்கட்டும்மா. வெக்கப்பட்டு வீட்டுல விட்டுட்டு வந்தது எது?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்தார். "டாய்லெட் கழுவுற பிரஷ்க்கா. புதுசுதான், சத்தியமா! கன்னத்துல வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பான். புடுங்குனா வீட்டையே தலைகீழா ஆக்கிருவான்."

"போய் எடுத்துக்கிட்டு வாங்க. அவனையும் கூட்டிக்கிட்டு வாங்க. கடை தொறந்துதான் இருக்கும்."

கோகிலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியையும், பிள்ளை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளுகிற பலத்தையும்தான். கேள்வியை அந்தத் தாயிடம் கேட்டுவிட்டேன். அவர் பையனைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எழுந்து, எனக்குப் பின்னால் பந்து வலை சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்து வைத்தேன்.