தெரேஸ் அக்கா பேசிய ஞாயிறு

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் இருந்தபோது லின் அழைத்தாள். "தெரேஸ் அக்கா இறந்து மூன்று நாளாகிவிட்டதாம். அறையை வாடகைக்கு விட்டவர் இப்போதுதான் சொன்னார்." அடக்கமும் முடிந்திருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்ட மேசையில் இருந்த ஒருவர்கூட அங்கே போகவில்லை.

சைகோனின் சோலோன் பகுதியில் அந்தக் காப்பிக்கடை மாடியில் நாங்கள் ஆடிய கதை விளையாட்டை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நான் கதை சொல்வேன். லினும் மற்ற மூவரும் அதில் வரும் ஆட்களாகப் பேசுவார்கள், பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுத்தான் பக்கத்துத் தெருவிலிருந்து அக்கா முதன்முதலில் படியேறி வந்தார். காரைக்கால் குடும்பம், பிறந்தது சைகோனில். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகடையை நீட்டினால் கையை மடியில் வைத்துக்கொள்வார். "நான் ஆட வரல தம்பி, கேக்க வந்தேன்." இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டார்.

ஒரு ஞாயிறு, எங்கள் கதையில் ஊரைப் படை சூழ்ந்தது. நால்வரும் ஒரு படகோட்டியோடு படகில் தப்பினார்கள். இடமில்லாததால் படகோட்டியின் மகளைக் கரையிலேயே விட்டார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று அக்கா கேட்டார்.

"அவ முக்கியமில்லக்கா. கதை இப்போ படகுல இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. நான் அவர் அறைக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

"இங்க நடந்த சண்டை முடிஞ்சு நாலு வருசத்துல எங்கண்ணன் நாட்ட விட்டுப் படகுல போயிட்டான். அம்மா படுக்கையில இருந்திச்சு, அதனால நான் போகல. அண்ணன் போய்ச் சேந்தானான்னு தெரியாது. அவனப் பத்தி எல்லாரும் கேட்டாங்க. என்னைய யாரும் கேக்கல."

மறு ஞாயிறு வந்தார். படகோட்டியின் மகளாக அவரையே பேசச் சொன்னேன். எங்கள் ஆட்டம் நடக்கும் வியட்நாமிய மொழியில், மெதுவாகச் சொன்னார்: அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அரிசி களைந்தாள். அண்டை வீட்டார் கேட்டபோது, அப்பா சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். நாற்பது வருடம் அதையே சொன்னாள்.

ஒருவரும் பகடையைத் தொடவில்லை. லின் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு கடை மூடப்பட்டது. எனக்கு வேலை வேறு பக்கம் மாறியது. ஆட்டத்தைக் கணினித் திரைக்கு மாற்றினோம். அக்காவிடம் கணினி இல்லை. யாராவது அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று பேசிக்கொண்டோம். யாரும் அழைத்து வரவில்லை. ஏழு மாதம் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் அது பொய்.

அக்கா பேசிய அந்த ஞாயிற்றின் ஒலிப்பதிவு என் போனில் இருக்கிறது. கீழே மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், அக்கா தொண்டையைச் செருமும் சத்தம், அதன்பின் அவர் குரல். பதினோரு நிமிடம். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவே. கேட்க வேண்டும் என்று தோன்றினால் என் வீட்டுக்கு வாருங்கள்.