என்னை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம்

எம்.பில். என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் சரியாகத் தெரியாது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, ஐரோப்பிய யூனியனுக்கும் அதன் அண்டை நாடான உக்ரைனுக்கும் இடையிலான கூட்டுறவும் ஒத்துழைப்பும் என்று ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மரக்காணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். ஐரோப்பாவை விடுங்கள், சென்னையைத் தாண்டி நான் எங்கேயும் போனது கிடையாது. ஆனால் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் போதும், ஏதோ நாட்டின் தூதர் விடுமுறையில் ஊருக்குப் போவதுபோல உட்கார்ந்திருப்பேன்.

தலைப்பின் சாரம் ரொம்ப எளிது. பல நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. பக்கத்தில் ஒரு நாடு. அதை உள்ளே சேர்த்துக்கொள்ளவும் மனசில்லை, பகைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால், 'வா, வியாபாரம் பண்ணு, காபி சாப்பிடு, சபையில் நாற்காலி மட்டும் கேட்காதே' என்று ஒரு ஒப்பந்தம். இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துவிட்டு, "இதுல நீ என்னப்பா சொல்ல வர்ற?" என்று கேட்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அது சுனாமிக்கு அடுத்த வருஷம். கடல் வந்து எங்கள் உப்பளத்துப் பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. உப்பு வாருகிற வேலையும் கூடை சுமக்கிற வேலையும் அந்த சீசனில் பாதிப் பேருக்கு இல்லை. என் அக்காவுக்கும் இல்லை. மாமா இறந்த பிறகு அக்கா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள்தான். தம்பி நான் பஸ் பாஸ் வைத்திருக்கிற ஆள்.

வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க அக்காவுக்குத் தெரியாது. கடற்கரையில் மீன் எடுத்து, கடலை விட்டு உள்ளே பிரம்மதேசம் பக்கம் கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அதில் ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் ஐந்து குப்பங்கள். ஐந்தும் சேர்ந்து ஒரே கட்டுப்பாடு. கரையில் நடக்கிற கூடை ஏலத்தில் அந்தக் குப்பங்களின் பெண்கள் மட்டும்தான் கேட்கலாம். எங்களை மாதிரி உப்பளத்து ஊர்ப் பெண் போய் நின்றால், "வேடிக்கை பாரும்மா, வாயத் தொறக்காத" என்று சொல்லிவிடுவார்கள். கட்டுப்பாட்டை மாற்ற வேண்டுமானால் ஐந்து தலைவர்களும் தலையாட்ட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் கதை முடிந்தது.

அக்கா இதை ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா! இது அப்படியே என் தீசிஸ்!"

"உக்காந்து துன்னுடா மொதல்ல."

"இல்லக்கா. அஞ்சு குப்பமும் ஒரு கூட்டமைப்பு. நாம அண்டை நாடு. நமக்கு மெம்பர்ஷிப் வேணாம், மார்க்கெட்டுல எடம் குடுத்தா போதும். இதுக்கு உலகத்துலயே ஒரு வழிமுறை இருக்குது. நான் பேசறேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு வேறு ஆள் இல்லை. நானாவது நாலு பேர் முன்னால் நடுங்காமல் பேசுவேன். பேசுவதில் எனக்குக் குறையே கிடையாது, அதை நிறுத்துவதில்தான் இருந்தது.

ஒரு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் ஒப்பந்தம் எழுதினேன். முகவுரை மட்டும் ஆறு பக்கம் வந்தது. 'இரு தரப்பினரின் வரலாற்றுப் பிணைப்பை மனதிற்கொண்டு' என்று ஆரம்பித்தது. விஷயம் என்னவோ இரண்டு வரிதான். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏலத்தில் கேட்கலாம். பாத்திகள் சரியானதும் குப்பங்களின் கருவாட்டுக்கு வேண்டிய உப்பை எங்கள் ஊர் கரைக்கே கொண்டுவந்து இறக்கும். இந்த இரண்டாவது வரி அக்கா சொன்னது. நான் அதற்கு 'பரஸ்பர நலன்' என்று பெயர் வைத்ததோடு சரி.

குப்பத்தார் கடலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் மணலில் ஐந்து தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெண்கள் கூட்டம். எங்கள் தரப்பில் நான், அக்கா, உப்பளத்தில் அவளோடு வேலை பார்த்த சில பெண்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அந்த மரியாதையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

பேச்சு ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது, ஏனென்றால் பேசியது அக்கா. கருவாட்டு உப்பு என்றதும் நாலு தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது தலைவர் மட்டும், "எங்க பொம்பளைங்களுக்கே இப்ப மீன் பத்தல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரையும் ஐந்து பேரில் மூத்தவரான பெரிய தலைவர் சமாதானப்படுத்திவிட்டார். உங்கள் ஊர்ப் பெண்கள் கடைசியாகக் கேட்கட்டும், எங்கள் பெண்கள் எடுத்த பிறகு மிச்சம் இருப்பதைக் கேட்கட்டும் என்றார். அக்கா சரி என்றாள். எல்லாம் முடிந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு மிச்ச சோடாவைக் குடித்திருந்தால் நான் இன்றைக்கு நல்லவன்.

நான் எழுந்தேன். மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். சேறு படாமல் தப்பிய ஒரு மேட்டுப் பாத்தியில் அந்த வருஷம் முதன்முதலாக விளைந்த உப்பு. பெரிய நாடுகள் ஒப்பந்தம் போடும்போது நினைவுப்பொருள் கொடுப்பார்களே, அந்த நினைப்பு. உப்பளத்து ஊர்க்காரன் உப்பைத் தவிர வேறு எதைக் கொடுப்பான்? பொட்டலத்தைப் பிரித்து, பெரிய தலைவரின் வலது கையைப் பிடித்து விரித்து, கை நிறைய உப்பை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஐயய்யோ!" என்று அவருடைய மனைவி கத்தினார்.

உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும். அதுவும் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு. இது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உப்பளத்தில் கைக்குக் கை உப்பு மாறாத நிமிஷமே கிடையாது. இந்தச் சாஸ்திரத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியாது. அதனால் அது வீட்டுச் சமையல்கட்டோடு நின்றுபோன சாஸ்திரம் எங்களுக்கு. கடலுக்குப் போகிறவர்களுக்கு அப்படி இல்லை.

கூட்டமே பேச்சுமூச்சு இல்லாமல் இருந்தது. நானோ, என் செய்கையில் எல்லோரும் உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "இந்த உப்பைப் போல நம் உறவும்" என்று முகவுரையை ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது வரியில்தான் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. "பாவி, பாவி" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

பெரிய தலைவர் பாவம். உப்பைக் கீழே கொட்டவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் பயம். கையை நீட்டியபடியே எழுந்து, விறுவிறுவென்று கடலுக்குள் முழங்கால் ஆழம் இறங்கிக் கையைக் கழுவிவிட்டு, நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார். எவ்வளவு நல்ல மனுஷன், அவர் பார்வையைப் பார்த்ததும் முகவுரையை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாவது தலைவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா? இன்னும் வெத்தல மாத்தல, அதுக்குள்ள சண்டையக் கையில குடுத்துட்டான். இதெல்லாம் வேணாம்பா. கெளம்புங்க."

மற்றவர்களும் எழுந்துகொண்டிருந்தார்கள். நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ பேசாத" என்று அக்கா சொன்னாள். அந்த மாதிரி ஒரு குரலை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டது கிடையாது. உப்பளத்தில் மேஸ்திரி கூப்பிட்டால்கூட மெதுவாகத் தலையாட்டுகிறவள். எழுந்து, தலைவர்களுக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஐயா, உப்பக் குடுத்தவன் இவன். வாங்கினது நீங்க. நாங்க யாரும் கையால தொடல. சண்டை வந்தா குடுத்தவனுக்கும் வாங்கினவங்களுக்கும்தானே வரணும்? எங்க பொழப்பு இன்னா பண்ணிச்சி?"

தலைவரின் மனைவி பின்னால் இருந்து முன்னால் வந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது கரெக்ட்டுதான். குடுத்த கைக்கும் வாங்குன கைக்கும்தான் அது. ஊருக்கு இன்னா வந்துச்சி?"

ஐந்து தலைவர்களும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். நான் சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கை மட்டும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவளுடைய பிள்ளைகளின் அடுத்த வருஷம் அங்கே அந்த ஐந்து பேரின் தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது தீசிஸ் இல்லை என்று.

திரும்பி வந்து பெரிய தலைவர் சொன்னார்: "ஏலத்துக்கு வாங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தம்பி இனிமே நம்ம கரைய மிதிக்கக் கூடாது. அவரு கால்வாய்க்கு அந்தப் பக்கமே இருக்கட்டும், நான் இந்தப் பக்கம் இருக்கறேன். பார்த்துக்கலன்னா சண்டை எங்கருந்து வரும்?"

"சரிங்க" என்றாள் அக்கா.

அவர் முடிப்பதற்குள் சொன்னாள். ஒரு மரியாதைக்குக்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேரம்கூடப் பேசவில்லை. ஐந்தாவது தலைவர், "அதுக்கு நான் சம்மதிக்கறேன்" என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். வெற்றிலை மாற்றினார்கள். என் முகவுரையின் ஆறு பக்கத்தை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரே நிபந்தனை நான்தான்.

முதல் ஏலத்து நாள் விடியற்காலையில் அக்காவை சைக்கிளில் வைத்துக் கால்வாய்ப் பாலம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே இறங்கி, அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தனியாக நடந்து போனாள். கூட வருவதாக இருந்த பெண்கள் இரண்டு பேர் கடைசி நேரத்தில் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நான் பாலத்து முனையில் டீக்கடையில் உட்கார்ந்தேன். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"இன்னாபா, பாஸ்போர்ட் இல்லியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"விசா கேன்சல் பண்ணிட்டாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறதோ, யார் என்ன சொல்லி விரட்டுகிறார்களோ, என்னால் வந்த கோபத்தை இவள்மேல் காட்டுகிறார்களோ என்று உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் இருந்தேன். பாலத்தில் கால் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, பைத்தியக்காரன் மாதிரி நின்றேன். கூட நின்று ஒரு தைரியம் சொல்லக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வெயில் ஏறின பிறகு அக்கா வந்தாள். தலையில் கூடை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. உள்ளே காரப்பொடியும் கவலை மீனும், பொடி மீன்தான், மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம். ஆனால் கூடை நிறைய இருந்தது.

"என்னாச்சிக்கா? கேட்டியா? கேக்க வுட்டாங்களா?"

"கேட்டேன்" என்றாள். தொண்டை கட்டி, குரலே வெளியே வரவில்லை. அவ்வளவு கத்தியிருக்கிறாள். என் அக்கா, கத்தியிருக்கிறாள்.

"நான் கூட இருந்திருக்கணும்க்கா. தப்பு பண்ணிட்டேன். தனியா நின்னியே, பயமா இல்ல?"

கூடையை இறக்காமல் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"கை காலெல்லாம் ஒதறிச்சிடா. ரெண்டு வாட்டி வாயத் தொறந்தேன், சத்தமே வரல. எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் பக்கத்துல நின்னிருந்தா, உன் மூஞ்சப் பாத்து அங்கியே அழுதுட்டு வந்திருப்பேன்."

பிரம்மதேசம் போகிற பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் ரோட்டைக் கடந்து ஓடினாள்.