பூத்த மூங்கில்

பழனியம்மாள் எந்த மனிதர் பேச்சையும் லேசில் நம்பமாட்டாள். மூங்கில் சொன்னால் நம்புவாள். பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக் கரையில் முப்பது வருடமாகப் பரிசல் பின்னுகிறவள். பிளந்த மூங்கில் பிளாச்சைப் பிடரியில் வைத்து, இரண்டு கையாலும் முன்பக்கம் வளைப்பாள். சத்தமில்லாமல் வளைந்தால் பரிசலுக்கு, துளி நெரிந்தாலும் அடுப்புக்கு. வியாபாரி எவ்வளவு கெஞ்சினாலும் மசியமாட்டாள். பின்னி முடித்ததும் முதல் சவாரியில் தானே ஏறி ஒரு சுற்று வந்து, "பயமில்லாம போங்க" என்று வாயால் சொல்லித்தான் பரிசலைக் கொடுப்பாள். அவள் பின்னிய எதுவும் இதுவரை ஆற்றில் உடைந்ததில்லை.

அணையில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் அது. இரண்டு பரிசல் உடனே வேண்டுமென்று ஆட்கள் நெருக்கினார்கள். தம்மம்பட்டியிலிருந்து மூங்கில் வியாபாரி அப்புசாமி ஏற்றிவந்த லோடு வழியெல்லாம் மழையில் ஊறியிருந்தது. ஊறிய மூங்கில் பொய் சொல்லும், வலுவில்லாததும் ஈரத்தில் வளைந்துகொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் உலரவிட்டுத்தான் வளைத்துப் பார்ப்பாள். அன்று ஈரத்தோடே வளைத்தாள். சொன்னபடி கேட்டது. பாழாய்ப்போன அவசரம்!

முதல் பரிசல் போய் நாலு நாள் கழித்து இரண்டாவதும் முடிந்தது. அதை வாங்கியவன் பக்கத்துத் தெரு மீன்காரன் கருப்பண்ணன். கொஞ்ச நாளாக இருந்த முட்டிவலி அன்று காலை அவளுக்கு அதிகமாகிவிட்டது. "நீயே ஓட்டிக்க சாமி" என்று அனுப்பிவிட்டாள். அவனும் பொண்டாட்டி மலர்விழியும் வலையோடு கிளம்பிப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அப்புசாமி ஒரு பையோடு வந்தான்.

"லோடு எறக்கறப்ப முட்டிவலின்னீங்களே, இதுல கஞ்சி வெச்சுக் குடிங்க. மூங்கலரிசிங்க."

மூங்கில் பூத்தால்தான் அரிசி. பூத்த மூங்கில் அத்தோடு செத்துவிடும். அதன் நாரில் உயிர் இருக்காது.

"எந்தப் பொதருலீங்க எடுத்தீங்க?"

"உங்களுக்கு வெட்டுன அதே பொதருதானுங்க. அரிசி கொட்டுனதுக்கப்பறம் இனி அது எதுக்குன்னு மொத்தமா வெட்டிட்டேன்."

பழனியம்மாள் பையைக் கீழே போட்டாள். நொண்டிக்கொண்டே ஆற்றுக்கு ஓடினாள். பரிசல் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

"கருப்பண்ணா, திரும்பி வா!"

முதல் சவாரிக்கு ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். சிரித்தபடியே துடுப்பைத் திருப்பினான். இழுவையில் பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அது கரையைத் தொடும்வரை பழனியம்மாள் மூச்சுவிடவில்லை. தொட்டதும் மலர்விழியைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

"ஏனுங்க அக்கா, நீங்க ஏறலீங்களா?" என்றான் கருப்பண்ணன்.

அவள் விளிம்பிலிருந்து ஒரு பிளாச்சை உருவிப் பிடரியில் வைத்து வளைத்தாள். பாதிகூட வளையவில்லை, படீரென்று ஒடிந்தது.

"சாமி புண்ணியம், தப்பிச்சோமுங்க அக்கா" என்றான் கருப்பண்ணன்.

பழனியம்மாள் காதில் அது விழவில்லை. அதே லோடில் பின்னிய முதல் பரிசலை மேற்கே எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் டெம்போவில் ஏற்றிப் போயிருந்தது. அவள் ஊரும் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. அன்று பிளாச்சில் இன்னும் ஈரம் இருந்தது. அவள் அதில் ஏறி ஒரு சுற்று வந்து இறங்கி, கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம் "பயமில்லாம போங்க" என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தாள்.