செல்வராஜ் பூட்டி வைத்த மணல் கணக்கு

செல்வராஜைப் போல ஒரு கஞ்சனை மாமல்லபுரம் கடற்கரை கண்டதில்லை. காசு விஷயத்தில் அல்ல. டீ வாங்கித் தருவார், கல்யாணத்துக்கு மொய் வைப்பார். தெரிந்ததைச் சொல்லித் தருவதில்தான் கஞ்சம். கடலோரத்தில் கல் கொட்டினால் எங்கே மணல் சேரும், எங்கே கரை அரிக்கும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை அவர் எழுதியிருந்தார். அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் அதை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அது அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

எப்படி என்று கேளுங்கள். எந்த வரி என்ன செய்கிறது என்று ஊரில் எல்லோரும் புரோகிராமுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைப்பார்கள். இந்த மனிதர் எழுதியிருந்த குறிப்பையெல்லாம் அழித்தார். அலை உயரம், நீரோட்டம் என்று இருந்த பெயர்களை ஏ ஒன்று, ஏ இரண்டு என்று மாற்றினார். பிரிண்டர் பக்கம் யாராவது வந்தால் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கணக்கு வேண்டியவர்கள் அவர் மேசை முன் வந்து நிற்க வேண்டும். "நாளைக்கு வா" என்பார். அதைச் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு ருசி.

தொண்ணூற்றெட்டில் வேலைக்குச் சேர்ந்த சங்கரி, கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், விவரம் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"சார், அந்த மணல் கணக்கை நானும் படிச்சுப் பாக்கட்டுமா?"

"இன்னாம்மா, நான் மண்டைய ஒடச்சிக்கினு எழுதுவேன், நீ நோவாம படிச்சிக்குவியா? வேணும்னா நீயே எழுதிக்க. போ."

எழுதினாள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த, லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் சிடியைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, வரிக்கு வரி விளக்கத்தோடு இன்டர்நெட்டில் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சனிக்கிழமைகளில் செங்கல்பட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தாள். செல்வராஜுக்கு வயிறு எரிந்தது. அவர் மேசை முன் நிற்பதற்கு இப்போது ஆளில்லை.

கோவளம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குக் கல்சுவர் கட்டும் பேச்சு வந்தது. இயக்குநர் ஜானகிராமன் இரண்டு புரோகிராமையும் ஓட்டச் சொன்னார். எதை நம்ப முடிகிறதோ அதுவே இனி ஆய்வுக்கூடத்தின் கணக்கு. செல்வராஜின் கணக்கு மணல் சேரும் என்றது. சங்கரியின் கணக்கு கரை அரிக்கும் என்றது.

"என்னுது வருஷக்கணக்கா ஓடிக்கினு கீது. ஓசில கெடைக்கிறதுக்கு அவ்ளோதான் மருவாதி" என்று சிரித்தார் செல்வராஜ்.

"என்னோடது முழுக்க வெளியில இருக்கு சார். தப்பு எங்கேன்னு காட்டுங்க."

விடுவாரா? சோறு தண்ணீர் மறந்து, பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் பிரித்துத் தேடினார். ஒன்று சிக்கியது. ஓரிடத்தில் அலை வரும் கோணத்தை, கம்ப்யூட்டர் கேட்கும் ரேடியன் அளவுக்கு மாற்றாமல் டிகிரியிலேயே விட்டிருந்தாள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"இந்த லட்சணத்துல பசங்களுக்கு கிளாஸ் வேற!"

சங்கரியின் முகம் சுருங்கியது. அங்கேயே திருத்தி, மறுபடி ஓட்டினாள். அரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் அரிப்புதான்.

"இப்ப உங்களோடதைத் திறங்க" என்றாள். பேச்சில் இருந்த 'சார்' போய்விட்டிருந்தது.

ஜானகிராமன் மறுநாள் வரை நேரம் கொடுத்தார்.

செல்வராஜ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் புரோகிராமைத் திறந்தார். காட்டி அவள் மூக்கை உடைத்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார். ஏ ஏழு என்பது அலையா, நீரோட்டமா? இந்த இடத்தில் எதற்குக் கழித்தோம்? எழுதியவருக்கே புரியவில்லை. குறிப்புகளைத்தான் தன் கையாலேயே அழித்திருந்தாரே. இத்தனை வருஷமும் பொத்தானை அமுக்கி, வந்த விடையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருக்கிறார். வெட்கத்தோடு கம்ப்யூட்டரை அணைத்தார்.

மறுநாள் "காட்ட மாட்டேன்" என்றார். திமிர் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்ப சங்கரியோடதே இருக்கட்டும்" என்றார் ஜானகிராமன். "இவ்வளவு ஆத்திரத்தோட தேடின செல்வராஜுக்கே ஒரு தப்புதான் கெடைச்சுது. இதுக்கு மேல யாரு சரிபாக்கணும்?"

சில நாள் கழித்து, இன்டர்நெட்டில் சங்கரியின் புரோகிராமோடு இருந்த, திருத்தம் சொன்னவர்களுக்கு நன்றி சொல்லும் வரிசையில் தன் பெயர் இருப்பதைப் பார்த்துச் செல்வராஜ் கொதித்துப் போனார்.

"யார கேட்டு என் பேர போட்ட? எடு!"

"கண்டுபிடிச்சது நீங்க. எடுக்க மாட்டேன்" என்றாள் சங்கரி, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. "உங்களை எனக்குப் பிடிக்காது. அது வேற விஷயம்."

அவர் ஓய்வுபெற்ற அன்று அவருடைய புரோகிராமை யாரும் கேட்கவில்லை. சங்கரியுடையதை எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்து ஓட்டினார்கள். யாருக்கும் எதையும் கொடுக்காத செல்வராஜின் பெயரும், நன்றி என்ற சொல்லோடு, அவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.